இடமிருந்து ஒன்பதாவது யன்னல்

கால் பெருவிரலை யூபிஎஸ் பெட்டியின் பொத்தானில் வைத்துக்கொண்டுதான் சோமசேகரம் கணினியில் எதையும் எழுதுவார். அழுத்தமாட்டார், சும்மா வைத்திருப்பார். வலது செருப்பு மேசைக்கு அடியில் தனியாகக் கிடக்கும். திரையில் கடிதம் ஒன்று வளர்ந்துகொண்டிருக்கும். அவர் கண்ணோ வாசலில் இருக்கும். வீதியில் வருகிறவர் உள்ளே வரப்போகிறாரா, கடந்து போகப்போகிறாரா என்று எடைபோடுவதிலேயே அதன் பொழுது கழிந்துவிடும். திரைக்கு மிஞ்சுவது சொற்பம்.

எழுதிய எதையும் அவர் சேமிப்பதில்லை. ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு புதிய யன்னல். அது பெயர் வைக்கப்படாமல், திறந்தபடியே, மாலை வரை கிடக்கும். ஐந்தரை மணிக்குப் பெருவிரல் ஒருமுறை அமிழும், கணினிக்கு மின்சாரம் அறும். அன்றைக்கு எழுதியதெல்லாம் போய்விடும்.

"சேவ் பண்ணினா அது சாட்சி," என்பார். "திறந்து கிடந்தா வெறும் கதை. நாளைக்கு ஆரும் வந்து தேடினா என்ர பெட்டிக்குள்ள ஒரு பேர் இராது பிள்ளை. இப்ப பிறந்த குழந்தை மாதிரி இருக்கும்."

அது இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு. வந்து தேடுகிறவர்களுக்குத் திருகோணமலையில் குறைவில்லை. ஆகவே இதில் சிரிக்க ஒன்றுமில்லை. சிரிப்பதற்கு அவரிடம் வேறு நிறைய இருந்தது.

ஓர்ஸ் ஹில் சரிவில் ஒற்றை அறைக் கடை. வாசலில் நின்றால் உள்துறைமுகம் தெரியும். வெளியே 'சேகரம் கொமியுனிக்கேசன்' என்ற பலகை. உள்ளே ஒரு தொலைபேசி, ஒரு கணினி, ஒரு பிரிண்டர், நான்கு பிளாஸ்டிக் கதிரைகள். அவர் அரசாங்கத் திணைக்களம் ஒன்றில் இருபத்தாறு வருடம் தட்டெழுத்தாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அதில் பாதிக்காலம் தெற்கே. சிங்களம் தமிழைவிடச் சுத்தமாக வரும் என்று தானே சொல்லிக்கொள்வார். யாரும் அவரை 'சேர்' என்றுதான் கூப்பிட வேண்டும். 'அண்ணை' என்றால் காது கேட்காது. நான் ஆறு வருடம் வெளியே அலைந்துவிட்டு வந்து, ஊரில் கால் தரிக்காமல், கிழமைக்கு மூன்று தடவை மின்னஞ்சல் பார்க்க அங்கே போனேன். கடையில் இருந்தது ஒரே கணினி. ஆகவே என் மின்னஞ்சலும் அவருடைய யன்னல்களின் வரிசையில் ஒன்றாகத்தான் நிற்க வேண்டும்.

அந்த வரிசையைப் பற்றிச் சொல்ல வேண்டும். இடப்பக்கம் முதல் நான்கு யன்னல்களும் எழுதுவதற்கு அல்ல, காட்டுவதற்கு. முதலாவதில் ஒரு கோயில் கோபுரம். இரண்டாவதில் பிறைக்குக் கீழே ஒரு பள்ளிவாசல். மூன்றாவதில் ஒரு வெசாக் விளக்குக் கூடு, கீழே சிங்கள வாழ்த்து. நான்காவதில் சிவப்பு, பச்சை, நீலக் கட்டங்கள் ஏறி இறங்கும் ஒரு வரைபடம். அது தொண்டு நிறுவன வாகனங்களில் வருகிறவர்களுக்கு. அந்தக் கட்டங்கள் எதைக் குறிக்கின்றன என்று ஒருநாள் கேட்டேன்.

"வளர்ச்சி," என்றார்.

"எதின்ர வளர்ச்சி சேர்?"

"அவையள் கேட்டதில்லை. நீ ஏன் கேக்கிறாய்?"

வாசலில் ஒரு நிழல் விழுந்த அரைக் கணத்தில், வருகிறவருக்குரிய யன்னல் முன்னால் வந்து நிற்கும். அவருடைய மனைவி குணேஸ்வரி மத்தியானச் சாப்பாட்டோடு வரும்போது மட்டும் எந்த யன்னலைக் காட்டுவது என்று அவருக்குத் தெரியாது. "வீட்டிலயும் இந்த மனுசன் இப்பிடித்தான்," என்று ஒருமுறை அந்த அம்மா எனக்குச் சொன்னார். "முன்னால நிக்கிறது ஒரு மூஞ்சை. பின்னால ஆறு குந்திக்கொண்டிருக்கும்."

திரையின் அடியில் ஓடும் பட்டையில், திறந்திருக்கும் யன்னல்களின் பொத்தான்கள் வரிசையாக நிற்கும் அல்லவா? அவர் திரை சிறியது, யன்னல்களோ பல. பொத்தான்கள் நெருங்கி நெருங்கி, பெயர் தெரியாத சிறு சதுரங்களாகிவிடும். ஒத்தவற்றைக் கணினி தானாக ஒரே பொத்தானுக்குள் அடுக்கப் பார்த்தது. அதை முதல் நாளே நிறுத்திவிட்டார். "ஐஞ்சு பேர் ஒரு இடத்தில நிண்டாலே வந்து என்னெண்டு கேக்கிறாங்கள். இது பத்தைக் கொண்டுபோய் ஒரு மூலையில குவிக்குது."

விசைப்பலகையில் இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்தி ஒரு யன்னலிலிருந்து இன்னொன்றுக்குத் தாவலாம் என்று காட்டிக்கொடுத்தேன். முகத்தைச் சுளித்தார். "வரிசை தெரியாதவன்தான் தாவித் தாவித் தேடுவான்." அவருக்கு இடம் தெரியும். இடமிருந்து ஆறாவது கோயில் சபை, ஏழாவது பாடசாலை என்று வாயால் சொல்லிக்கொண்டு, விரல் நுனியால் கண்ணாடியில் எண்ணுவார். சரியான பொத்தானைச் சொடுக்கி, அச்சு விசையைத் தட்டுவார். அதற்குமேல் திரையைப் பார்ப்பது தன்னை நம்பாதவன் வேலை. முதுகைத் திருப்பி, பிரிண்டர் துப்பும் தாளை எழுத்து உள்ளே போக மூன்றாக மடித்து, உறையிலிட்டுப் பசை தடவிவிடுவார். கடிதத்தை எவருக்கும் விரித்துக் காட்டுவதில்லை. "டொக்டர் மருந்துக்குள்ள என்ன கிடக்கெண்டு காட்டுறவரோ?"

ஒரு செவ்வாய்க்கிழமை காலை. அன்றைக்கு என் மின்னஞ்சல் ஐந்தாவது யன்னல். இணைப்பு தவழ்ந்துகொண்டிருந்தது. "அது போறநேரம் போகட்டும், எழும்பு," என்று என்னைக் கதிரையிலிருந்து கிளப்பிவிட்டு அவர் அடுத்தடுத்த யன்னல்களைத் திறந்து வேலையைத் தொடங்கினார்.

இறக்கக்கண்டியிலிருந்து முதல் பஸ்ஸில் உம்மு குல்சும் வந்திருந்தார். கணவர் ஆதம்பாவா மீன்பிடிக்கப் போனவர், கடலுக்குப் போகக் கொடுக்கும் பாஸில் குறித்த நேரம் தாண்டிக் கரைக்கு வந்தார் என்று படகையும் அடையாள அட்டையையும் கடற்படை முகாமில் பிடித்து வைத்துவிட்டார்கள். அட்டை இல்லாத ஆண் வீதியில் இறங்கினால் அடுத்த சோதனைச் சாவடியோடு காணாமல் போகலாம். ஒன்பது நாளாக அவர் வளவு வேலிக்கு வெளியே காலை வைக்கவில்லை. வீட்டில் அடுப்பெரிவது அயலவர் தயவில். செவ்வாயும் வெள்ளியும் பன்னிரண்டு மணிக்குள் மனுக் கொடுத்தால்தான் முகாமில் வாங்குவார்கள்.

"பேர் என்ன?"

"உம்மு குல்சும்."

"உன்ர பேரில்லை தங்கச்சி, அவற்ர பேர்."

"ஆதம்பாவா. சேர், அண்டைக்கு என்ன நடந்ததெண்டா..."

"வயசு?"

"நாப்பத்தாறு. எஞ்சின் வந்து சேர்..."

"படகு நம்பர்?"

அவர் நம்பரைச் சொன்னார்.

"காணும். மிச்சம் எனக்குத் தெரியும். இந்தக் கதையை இந்த மாசத்தில பதினாலு தரம் எழுதிப்போட்டன்."

அவருடைய வழக்கம், ஒரு துயரத்துக்கு இரண்டு கடிதம். முகாமுக்கு ஒன்று, கொழும்பில் முறைப்பாடு கேட்கும் அலுவலகம் ஒன்றுக்கு ஒன்று. இரண்டும் சிங்களத்தில். இரண்டுக்கும் முதல் நான்கு வரிகள் ஒன்றேதான். "முகாமுக்குப் போறது அழும். கொழும்புக்குப் போறது கத்தும்," என்று உம்மு குல்சுமுக்கு விளக்கினார். அழுவதை ஒன்பதாவது யன்னலில் எழுதினார். கத்துவதைப் பத்தாவதில். பதினோராவதில் பேக்கரி ஜமால்தீனுக்காகப் பாண் விலை அறிவித்தல் ஒன்றை, சிங்களத்தை மேலே வைத்து மும்மொழியில் தட்டிவிட்டு, உறைகளுக்கு முகவரி எழுதத் திரும்பிக்கொண்டார்.

அந்த நேரத்தில் என் மின்னஞ்சல் ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தது. எட்டி என் யன்னலை மூடினேன். வேலை முடிந்தால் உலகத்தில் எல்லோரும் மூடுகிறார்கள்.

அவர் திரும்பினார். எண்ணினார். ஒன்பதைச் சொடுக்கினார், பத்தைச் சொடுக்கினார். மடித்தார், ஒட்டினார். "கொழும்புக் கடிதத்தைத் தபாற்கந்தோரில போட்டிட்டு நேர பஸ்ஸைப் பிடி. முகாம் கடிதத்தைப் பெரியவற்ர கையிலதான் குடுக்கோணும்." உம்மு குல்சும் இரண்டு உறைகளையும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு சரிவில் இறங்கிப் போனார்.

கால் மணி கழித்து ஜமால்தீன் பாண் விற்கும் ஆட்டோவை வாசலில் நிறுத்திவிட்டு வந்தார். "சேர், என்ட நோட்டீஸ் எங்க?"

சோமசேகரத்தின் விரல் முதல் பொத்தானிலிருந்து கண்ணாடியில் நடந்து போனது. பத்து வந்தது. அதற்கு அப்பால் வெறும் பட்டை. மறுபடி நடந்தது. பிறகு வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் நடந்தது. விரல் அந்தரத்தில் நின்றது.

"என்ன சேர்," என்றார் ஜமால்தீன், "யன்னலால காத்து வருதோ?"

அவர் பத்தாவதைச் சொடுக்கி, முதல்முறையாகத் திரையை நிமிர்ந்து பார்த்தார். பாண் விலை. ஒன்பதாவதில் கத்துகிற கடிதம். எட்டாவதில் அழுகிற கடிதம், எங்கும் போகாமல் வீட்டிலேயே இருந்தது.

"பிள்ளை, நீ என்ன செய்தனி?"

"என்ர யன்னலை மூடினனான்."

"மூடினியோ! ஆரைக் கேட்டு மூடினனி?"

"எல்லா இடத்திலயும் அப்பிடித்தானே சேர்..."

"இது எல்லா இடமுமில்லை. இது ஓர்ஸ் ஹில்!"

கொழும்பு உறைக்குள் பாண் விலை போயிருந்தது. அதனால் பாதகமில்லை. மூன்று மாதம் கழித்து அங்கிருந்து பதில்கூட வந்தது: 'தங்களது முறைப்பாடு கவனத்திலெடுக்கப்பட்டு உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளது.' ஆனால் முகாமுக்கென்று எழுதிய உறைக்குள், அந்த முகாமையே குற்றம் சாட்டி, இன்ன நாள் இன்ன நேரம் காரணமில்லாமல் ஓர் ஏழையின் படகைப் பறித்தார்கள் என்று சோமசேகரம் சுத்தமான சிங்களத்தில் எழுதிய கடிதம் இருந்தது. அதை ஆதம்பாவாவின் மனைவி தன் கையாலேயே கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறார். படகு திரும்பாது என்பது போகட்டும். அன்று மாலையே ஆதம்பாவாவைத் தேடி வீட்டுக்கு ஆள் வரும்.

அந்த ஆபத்து விளங்கியதும் சோமசேகரம் செய்த முதல் காரியம், பெருவிரலை அமுக்கியது.

திரை கறுத்தது. கோபுரம், பள்ளிவாசல், வெசாக் கூடு, வளர்ச்சி எல்லாம் போயின. அச்சிட்டு எடுத்துக்கொண்டு ஓடியிருக்கக்கூடிய அழுகிற கடிதமும் போயிற்று.

"அட மனுசா, என்ட நோட்டீஸ்!" என்று கத்தினார் ஜமால்தீன்.

"இனி ஒண்டுமில்லை," என்றார் சோமசேகரம். அது ஒரு சாதனை என்பதுபோல் இருந்தது குரல். "இங்க ஒண்டுமில்லை."

யாருடைய கடிதம் எங்கே போனதென்று ஜமால்தீன் என்னிடம் கேட்டறிந்தார். "இங்க இல்ல. அந்தப் புள்ளட கையில இரிக்கே. எந்த பஸ்ஸில போன?"

நான் சொன்னேன். சோமசேகரம் கதிரையின் கைப்பிடிகளைப் பற்றிக்கொண்டு, தனக்கு இரத்த அழுத்தம், வெயில் கூடாது, கடையைத் திறந்து போட்டுவிட்டுப் போக ஏலாது என்று மூன்று காரணங்கள் அடுக்கினார். ஜமால்தீன் அவருடைய தனிச் செருப்பைக் காலால் தள்ளி முன்னால் விட்டார். "ஆட்டோவில பாண் வாசத்தோட போனா பிரஷர் குறையும். ஏறுங்க சேர். நீயும் ஏறு மகள்."

நிலாவெளிப் பாதையில் நான்கு சாவடிகள். ஒவ்வொன்றிலும் இறங்கி, அட்டை காட்டி, நடந்து, ஏறினோம். மூன்றாவதில் பாண் பெட்டிகளைத் திறந்து குத்திப் பார்த்தார்கள். சோமசேகரம் ஒவ்வொரு இடத்திலும் 'ஓய்வு பெற்ற அரசாங்க உத்தியோகத்தர்' என்று சிங்களத்தில் சொல்லிக்கொண்டு வந்தார். ஒருவரும் கேட்கவில்லை.

முகாமை அடையும்போது பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருந்தது. கம்பி வேலிக்கு அப்பால், தகரக் கூரையின் கீழ் ஒரு மேசை. மேசையில் ஓர் இளம் அதிகாரி. முன்னால் உம்மு குல்சும். உறை ஏற்கெனவே கிழிந்திருந்தது.

சோமசேகரம் வேலியோடு நின்றுவிட்டார். "பிந்திப் போச்சு, திரும்புவம்," என்று ஜமால்தீனின் சட்டையை இழுத்தார். அதற்குள் உம்மு குல்சும் எங்களைக் கண்டுவிட்டார். உதவிக்கு வந்திருக்கிறோம் என்று நினைத்தார் போலும், முகம் மலர்ந்தது. அதிகாரி ஏதோ கேட்க, கையை நீட்டிச் சோமசேகரத்தைக் காட்டினார். "அந்தா நிக்கிறாரு சேர், எழுதித் தந்தவர் அவருதான்."

காவலாள் வந்து எங்களை உள்ளே அழைத்துப் போனார். எனக்குச் சிங்களம் பேச நாக்குப் புரளாது, கேட்டால் விளங்கும்.

"இதை எழுதியது நீங்களா?"

"ஆம் சேர். ஆனால் இது உங்களுக்கு எழுதியது அல்ல."

அதிகாரி தாளை மேசையில் வைத்தார். "எங்களைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். எங்களுக்கு அல்ல. அப்படியானால் எங்களுக்கு எழுதியது எங்கே?"

அது கறுத்த திரைக்குள் போய்விட்டது. ஆனால் பதினாலு தரம் எழுதிய கடிதம் மனப்பாடம். சோமசேகரம் கையைக் கட்டிக்கொண்டு ஒப்புவித்தார்: மீன் மேல் கொண்ட ஆசையால் குறித்த நேரத்தைத் தெரிந்தே மீறினேன், தடை செய்யப்பட்ட கடலுக்குள் தெரிந்தே போனேன், பெரியவர் பொறுத்தருள வேண்டும். அதிகாரி ஒரு துண்டுத் தாளில் குறித்துக்கொண்டே வந்தார்.

"தெரிந்தே போனார்," என்றார். "அப்படியானால் படகை நான் கொடுக்க முடியாது. ஆளைப் பொலிசில் ஒப்படைக்க வேண்டும். நல்லவேளை, அந்தக் கடிதம் வரவில்லை."

சோமசேகரத்தின் நெற்றியிலிருந்து வேர்வை மூக்குக்கு இறங்கியது. அவர் துடைக்கவில்லை. தப்பிப் போன கடிதத்தை மீட்க நாங்கள் நான்கு சாவடி கடந்து ஓடி வந்தோம். அவர் பதினாலு பேருக்கு எழுதிக் கொடுத்ததோ இந்தத் 'தெரிந்தே' கடிதம்.

"ஒரு கதையில் நாங்கள் கள்ளர்," என்றார் அதிகாரி. "மற்றதில் இவள் கணவன் கள்ளன். உண்மையில் என்ன நடந்தது?"

அதற்கு அவரிடம் யன்னல் இல்லை. சுற்றுமுற்றும் பார்த்தார். என்னைப் பார்த்தார். கடைசியில் உம்மு குல்சுமிடம் திரும்பி, சற்று வெட்கத்தோடு கேட்டார்.

"தங்கச்சி, அண்டைக்கு என்ன நடந்தது?"

உம்மு குல்சும் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அதத்தானே சேர் காலையில இருந்து செல்லப் பாக்கிறன்."

சொன்னார். நடுக்கடலில் எஞ்சின் நின்றது. ஆதம்பாவா நாலு மணித்தியாலம் துடுப்பு வலித்தார். உள்ளங்கை இரண்டும் உரிந்து, இன்னும் சோறு பிசைய முடியவில்லை. இருட்டும் நேரத்தில் கரைக்கு வந்தவரைப் பிடித்தார்கள். எஞ்சின் இன்னும் பழுதாகத்தான் கிடக்கிறது, வேண்டுமானால் இழுத்துப் பாருங்கள். ஒவ்வொரு வசனத்துக்கும் நின்று நின்று சோமசேகரம் சிங்களத்தில் சொன்னார். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அவர் வாயிலிருந்து அவ்வளவு சின்ன வசனங்கள் வந்து நான் கேட்டதில்லை.

அதிகாரி ஒருவரை அனுப்பி எஞ்சின் கயிற்றை இழுக்கச் சொன்னார். மூன்று முறை இழுத்த சத்தம் கேட்டது. அதற்கு மேல் சத்தமில்லை. மேசை லாச்சியைத் திறந்து ஆதம்பாவாவின் அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். படகை வெள்ளிக்கிழமை வந்து எடுக்கட்டும் என்றார். அட்டை கிடைத்தது, வெள்ளிக்கிழமை படகும் கிடைத்தது என்பதை வாசகர் பதறாதிருக்க இப்போதே சொல்லிவிடுகிறேன். நான் சொல்ல வந்தது, அட்டை இன்னும் அதிகாரியின் விரலுக்கு அடியில் இருந்த அந்த அரை நிமிடத்தைப் பற்றி.

"மறுகா சேர்," என்றார் உம்மு குல்சும், "படகுக்குள்ள மண்ணெண்ணெய்க் கான் ஒண்டு இருந்த. தொட்டு வைக்காத கான், நிறைய இருந்த. கரையில வச்சு இவங்கட ஆக்கள்தான் தூக்கிட்டுப் போன. அதயும் கேளுங்க."

"அதை விடு தங்கச்சி," என்றார் சோமசேகரம் தணிந்த குரலில். "அட்டை வருகுதெல்லே."

"கேளுங்க சேர். கடன் வாங்கின எண்ணெய்."

"என்ன சொல்கிறாள்?" என்றார் அதிகாரி.

சோமசேகரம் வாயைத் திறந்தார். இருபத்தாறு வருடச் சிங்களம். ஒரு சொல்லும் வரவில்லை. அதிகாரி காத்திருந்தார். பிறகு, கட்டியிருந்த கைகளில் வலது கை மட்டும் மெல்லப் பிரிந்து கீழே இறங்கியது. உள்ளங்கை நிலத்தைப் பார்க்க, முழங்கால் உயரத்தில் நின்று, அந்தக் கான் எவ்வளவு பெரியது என்று காட்டியது.